நாலும் சேர்த்து அனுப்பவும்

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் கதிரையில் உட்காருவதற்கு முன் குசினிக்குப் போய்க் கை கழுவுவார். முதல் நாள் சாப்பாட்டுக்கென்று நினைத்து நான் சோற்றுக் கோப்பையையும் எடுத்து வைத்துவிட்டேன். மனிதர் கையைத் துடைத்து, ஈரம் போய்விட்டதா என்று உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து படம் அச்சடித்த ஒரு சின்ன மட்டையை எடுத்து மேசையில் வைத்தார். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன், தோளில் ஒரு தடி.

"நம்பர் முப்பத்தொண்டு. ரொறன்ரோவிலையிருந்து வந்தது. இனி இருபத்தாறுதான் குறையுது, தங்கச்சி" என்றார்.

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. ஊரில் நடக்கிற யுத்தத்தில் பெண்சாதி பிள்ளைகள் செல்லடிக்குள் கிடக்க, மனிதருக்கு வாய்த்த விளையாட்டைப் பார் என்று, அவர் படியேறிப் போன பிறகு என் மனுசனிடம் பொரிந்து தள்ளினேன். மனுசன் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "அவர் சிகரெட் குடிக்கிறேல்லை, தண்ணி அடிக்கிறேல்லை. மட்டை சேர்த்தா உமக்கென்ன?" என்றார். அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. உலகத்தில் எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது.

டென்மார்க்கில், சில்க்போர்க் என்ற ஊரில் நாங்கள் இருந்த மாடிக்குடியிருப்பில் அவருக்கு எங்களுக்கு மேல்மாடி. ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. நாற்பது தாண்டிய ஆள், ஊரில் காணிக் கந்தோரில் கிளார்க்காக இருந்தவர். பெண்சாதியும் மூன்று பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். அவர்களைக் கூப்பிடும் விண்ணப்பத்தை அவர் வந்த புதிதிலேயே கொடுத்துவிட்டார். அவருடையது மட்டுமல்ல, எங்கள் ஆட்கள் எல்லோருடையதும் கொப்பன்ஹேகனில் ஒரு அலுவலகத்தில் பதிலே இல்லாமல் படுத்துக் கிடந்த வருடங்கள் அவை. மேலிடம் சொல்லித்தான் அப்படிப் படுக்கவைத்தார்கள் என்பதும், அதனால் ஒரு அரசாங்கமே வீட்டுக்குப் போனதும் பின்னால் நடந்த கதை. அன்றைக்கு எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. நாங்கள்தான் ஏதோ பிழையாக நிரப்பிவிட்டோம் என்று ஒவ்வொருவரும் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தோம்.

மட்டைகள் அவருக்குக் கிடைத்தது ஒரு சனிக்கிழமை, ஏரிக்கரைப் பக்கம் நடந்த பழைய சாமான் சந்தையில். சட்டி வாங்கப் போனவர், அமெரிக்கக் கப்பலில் வேலை செய்து ஓய்ந்த ஒரு டெனிஷ் கிழவரிடமிருந்து ஒரு பிஸ்கட் ரின்னை வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளே அறுபத்தேழு மட்டைகள். எல்லாம் பேஸ்போல் விளையாட்டுக்காரரின் படம், ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஒரு இலக்கம். அடியில் மடித்து வைத்திருந்த பட்டியலில் மொத்தம் நூற்றெட்டு என்று போட்டிருந்தது. அந்த எண்தான் ஆளை விழுத்தியது. கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்கிற எண்ணாயிற்றே. அறுபத்தேழோடு நிற்பாட்டுவது அவருக்கு அர்ச்சனையைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பிப் போவது போல இருந்திருக்கிறது.

விளையாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் விக்கெட் காத்தவர். மட்டையைப் பார்த்து, "விக்கெட்டே இல்லாமல் விளையாடுறாங்கள், பாவங்கள்" என்று உண்மையாகவே இரங்குவார்.

டென்மார்க்கில் எந்தக் கடையில் போய் அமெரிக்கப் பேஸ்போல் மட்டை கேட்பது? அவர் கேட்டது எங்கள் சனத்திடம். ரொறன்ரோவில் மச்சான், லண்டனில் சித்தப்பா மகன், நியூ ஜேர்சியில் கூடப் படித்த ஒருவர். எல்லோருக்கும் ஒரு பட்டியல் போனது. அந்த நாட்களில் எங்களுக்கு வந்த கடிதங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும்தானே. யார் பிடிபட்டார், யார் வீடு போனது, யார் இல்லை. அவருக்கு வந்த கடிதங்களில் அவையெல்லாம் எழுதி முடிந்து, கடைசி வரியில், "அத்தான், நம்பர் எழுபத்தேழு ஒரு பழைய கடையிலை கிடைச்சது, இதோட வைச்சிருக்கிறன்" என்று இருக்கும். லண்டன்காரர் முதலில் கிரிக்கெட் படம் அனுப்பினார். மச்சான் ஒரு கட்டு ஐஸ் ஹொக்கி மட்டை அனுப்பினார். இவர் கோபிக்கவில்லை. "அவனும் பாவம், பனிக்கை நிண்டு தேடியிருப்பான்" என்று அவற்றையும் துடைத்து வேறொரு பெட்டியில் வைத்தார்.

குறைவதைக் கண்டுபிடிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. ஒருமுறை வைலேயில் எங்கள் ஆட்களின் பொங்கல் விழா முடிந்து, இரவல் வாங்கின வான் வண்டியில் பதினொரு பேர் சில்க்போர்க் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் பெற்றோல் அடித்துக் கிளம்பி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, பின் சீற்றிலிருந்து, "வானை நிப்பாட்டுங்கோ, பத்துப் பேர்தான் இருக்கிறம்" என்று சத்தம் போட்டார். திருப்பிக்கொண்டு போனால், பெற்றோல் செற் வாசலில் சிகரெட்டும் கையுமாக நிற்கிறார் என் மனுசன். பக்கத்துச் சீற்றில் இருந்த எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு வானில் நான் வாங்கிய கேலி இருக்கிறதே, ஐயோ, இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை வந்தது. அவருக்கு நான் டெனிஷில் கடிதம் எழுதிக் கொடுக்கத் தொடங்கினதும் அப்போதுதான். எனக்குப் பாஷை கெதியாகப் பிடிபட்டுவிட்டது, கையெழுத்தும் அச்சு மாதிரி இருக்கும். அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது. அவருக்கென்று தொடங்கி, கடைசியில் சில்க்போர்க்கிலுள்ள எங்கள் ஆட்கள் எல்லோருடைய விண்ணப்பமும், நினைவூட்டும் கடிதமும் என் குசினி மேசைக்குத்தான் வந்தன.

விண்ணப்பம் கொடுத்து இரண்டாவது வருடம் முடிகிற சமயம், அவருடைய பெண்சாதி புதுப் படங்கள் அனுப்பியிருந்தா. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அலுவலகத்தில் இருக்கும் பழைய படத்தைப் பார்த்தால் ஆள் அடையாளம் தெரியாது என்று இவர்தான் கேட்டு எழுதியிருந்தார். மூன்று பேரைச் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுக்கக்கூடாது, ஒருவருக்கு ஆகாது என்று எங்கள் சனத்தில் ஒரு பயம் இருக்கிறதல்லவா. அதனால் மனிசி மூன்று பிள்ளைகளையும் ஸ்டூடியோவில் தனித்தனியே இருத்தி, தன்னையும் தனியே எடுத்து, நாலு படம் அனுப்பியிருந்தா. தடித்த தாள். இவர் அவற்றைத் தன் மட்டை ஒன்றின் மேல் வைத்துப் பார்த்து, "அளவு கூட அச்சொட்டு" என்றார், ஒரு மாதிரியான சந்தோஷத்தோடு.

அதே கிழமைதான் அமெரிக்காவில் ஒரு பழைய மட்டை வியாபாரியின் விலாசமும் நியூ ஜேர்சிக்காரர் மூலம் கிடைத்திருந்தது. அதற்குள் இவரிடம் நூற்றிநாலு சேர்ந்துவிட்டது. குறைவது நாலு. மாற்றிக்கொள்ளக் கையில் நாலு டபிளும், அதாவது ஒரே இலக்கத்தில் இரண்டாவதாக வந்த மட்டைகளும், இருந்தன. அந்தக் கடிதத்தை இவரே தன் கந்தோர் ஆங்கிலத்தில் எழுதினார். கொப்பன்ஹேகனுக்கு நான் டெனிஷில் எழுதினேன். இரண்டு கடிதத்தையும் மேலே கொண்டுபோய், மூலை மடியாமல் இருக்க மட்டைகளுக்கு இரண்டு பக்கமும் கார்ட்போட், படங்களுக்கும் இரண்டு பக்கமும் கார்ட்போட் வைத்து, இரண்டு கவரையும் தானே ஒட்டிக் கொண்டுவந்தார்.

"மேலை இருக்கிறது கொப்பன்ஹேகன், கீழை இருக்கிறது அமெரிக்கா. விலாசம் எழுதிப் போட்டுவிடும் தங்கச்சி, எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நான் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய் புகைந்தது, எட்டிப் பாய்ந்தேன், முழங்கை பட்டு இரண்டு கவரும் நிலத்தில் விழுந்தன. பொறுக்கினேன். இரண்டும் ஒரே பாரம், ஒரே தடிப்பு. எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று யார் கண்டது? அவர் வரும்வரை வைத்திருந்து கேட்டிருக்கலாம். ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கலாம். நான் யார், பெரிய கெட்டிக்காரி! இதுதான் மேலே இருந்தது என்று முடிவு கட்டி, அச்சு மாதிரியான கையெழுத்தில் எழுதி, பின்னேரமே தபாலில் போட்டேன்.

ஐந்து கிழமை கழித்து அவர் ஒரு ஜன்னல் கவரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கொப்பன்ஹேகனிலிருந்து வந்த முதல் பதில். கை கழுவ மறந்துவிட்டார். நான் பிரித்து வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன்.

"என்னவாம்?"

"அண்ணை... நீங்கள் அனுப்பின படத்திலை இருக்கிற நாலு ஆம்பிளையளின்ரை முழுப்பெயர், பிறந்த திகதி, உங்களுக்கு என்ன உறவு எண்டு கேட்டிருக்கினம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கடிதத்தைப் பார்த்தேன். பிறகு, என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்கு வெட்கம்: "நீங்கள்தான் உள்ளுக்கை மாறி வைச்சு ஒட்டியிருக்கிறியள். நான் நீங்கள் சொன்னபடிதானே எழுதினனான்?"

கடிதத்தை வாங்கி மடித்தார். "ஓம். அவசரத்திலை நான்தான் மாறி வைச்சிருப்பன்" என்றார்.

அமெரிக்கக்காரனுக்கு எழுதி, கொப்பன்ஹேகனுக்குப் போய்விட்ட அவருடைய கடிதத்தில் என்ன இருந்தது என்று அப்போதுதான் கேட்டேன். பிரதி வைத்திருந்தார். இப்படித்தான் இருந்தது: "ஐயா, நான் நீண்டகாலமாகக் காத்திருக்கிறேன். எனக்கு நாலு மட்டுமே குறைவு. தயவுசெய்து ஒன்றை விட்டுவிட்டு மூன்றை அனுப்ப வேண்டாம். அவற்றுக்குப் பதிலாக வேறு எதையும் நான் ஏற்கமாட்டேன். நாலும் சேர்த்து அனுப்பவும். சேதமில்லாமல் வந்துசேர்வதே என் ஒரே வேண்டுதல்."

 அரசாங்கத்தோடு பகிடி விடுகிறான் என்று விண்ணப்பக் கோப்பை மூடிவிட்டால்? கள்ள விண்ணப்பம் என்று எழுதிவிட்டால்? செய்தி பரவி, "அண்ணை நாலு வெள்ளைக்காரனை டென்மார்க்குக்கு ஸ்பொன்சர் பண்ணுறாராம்" என்று ஆட்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. மன்னிப்புக் கேட்டு, விளக்கம் சொல்லி, இரண்டு பக்கம் எழுதினேன். தொலைபேசி அவர் வீட்டில் கிடையாது, அதனால் என் இலக்கத்தைக் கொடுத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அழைப்பு வந்தது. அந்த அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண். குரலைக் கேட்டால் என் அம்மா வயது இருக்கும்.

"அந்த நாலு பேரும் உறவில்லை என்று சொல்கிறீர்கள்" என்றா.

"இல்லை. பந்து விளையாடுகிறவர்கள். அமெரிக்கர்கள்."

மறுபக்கம் ஒரு சத்தம் வந்தது. அழுகிறாவோ என்று பயந்துபோனேன். சிரிக்கிறா! அடக்க முடியாமல் சிரித்து, மன்னிப்புக் கேட்டு, பிறகு குரலைத் தாழ்த்தினா. "இவருடைய கோப்பு அடியிலே கிடந்தது. இதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் வெளியே எடுத்தேன். நான் ஒன்றும் முடிவு செய்ய முடியாது, எப்போது என்றும் சொல்ல முடியாது. ஆனால் எடுத்தபடியால் முழுக்க வாசித்தேன். மூத்த மகளின் பிறப்புச் சான்றிதழ் இதில் இல்லை."

"மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று கொடுத்தவர்" என்றேன்.

"மூன்று தாள் இருக்கிறது. இரண்டு, நடுப் பையனுடையது. ஒரே ஆளுக்கு இரண்டு. மூத்தவளுக்கு வருகிற மார்கழியில் பதினெட்டு. அதற்குப் பிறகு தாள் வந்தால் அவளைப் பிள்ளை என்று எடுக்கமாட்டார்கள். அதற்கு முன் அந்தத் தாள் என் கைக்கு வரவேண்டும்."

மேலே ஓடிப்போய்ச் சொன்னேன். மனிதர் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "டபிள்" என்றார். "தங்கச்சி, டபிள் வைச்சிட்டன்." வந்த புதிதில், அந்தப் பதற்றத்தில், மூன்று என்று தாளை மட்டும் எண்ணிக் கொடுத்திருக்கிறார், பெயரைப் பார்க்கவில்லை. நூறு மட்டையில் ஒரு டபிள் இருந்தால் தூரத்திலேயே மணந்து பிடிக்கிற ஆள், சொந்தப் பிள்ளைகளில் விட்டுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அந்தக் கவர் மாறிப் போகாவிட்டால், என்றோ ஒருநாள் மூன்று பேருக்கு அனுமதி வந்திருக்கும். மூத்த பிள்ளை ஊரில் தனியே நின்றிருக்கும். 

சான்றிதழ் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கதை தனிக் கதை. அரசாங்கக் கந்தோரான கச்சேரி பாதி நாள் பூட்டு, பாதை முழுக்கச் சோதனை. மனிசி நாலு தரம் போய்ப் பிரதி எடுத்து, கொழும்புக்குப் போன ஒரு ஆசிரியையின் கையில் கொடுத்தனுப்பி, அது இங்கே வந்து சேர்ந்தபோது ஆவணி பிறந்துவிட்டது. பதிவுத் தபாலில் போட இந்த முறை இருவரும் சேர்ந்தே போனோம். கவரைத் திறந்துவைத்துக்கொண்டு போய், தபால் கந்தோர் மேசையில் வைத்துப் பார்த்துத்தான் ஒட்டினோம்.

இதற்கிடையில் அமெரிக்கக்காரனும் படங்களைத் திருப்பி அனுப்பியிருந்தான். நாலையும் நாலு பிளாஸ்டிக் உறைக்குள், விலைகூடின மட்டைக்குச் செய்வது போல மூலை பார்த்து வைத்து அனுப்பியிருந்தான்; சான்றிதழோடு சேர்த்துப் போட்டது அந்தப் படங்களைத்தான். கொப்பன்ஹேகன்காரி மட்டைகளைக் கிளிப் போட்டு அனுப்பியிருந்தா. அந்தக் கவலைக்குள்ளும் இவர், "கிளிப் மேலுக்குத் தழும்பு வைச்சிட்டுது, பாரும்" என்று விரலால் நீவிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல கிழமைக்குப் பிறகு நான் சிரித்த சிரிப்பு அது.

அடுத்த வருடம், இறுகிக் கிடந்தது எப்படியோ இளகி, எங்கள் ஆட்களுக்கு ஒவ்வொன்றாக அனுமதி வரத்தொடங்கியது. அவருக்கு வந்த கடிதத்தில் பெயர்களை நான் சத்தமாக வாசித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இன்னொருக்கால் வாசியும் என்றார். வாசித்தேன். மனிதர் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பி, குசினிக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் கனநேரம் நின்றார்.

கூட்டிவர நானும் மனுசனும் அவரோடு கொப்பன்ஹேகன் போனோம். விமான நிலையத்தில் நடந்ததை எழுத எனக்கு வராது. கடைசிப் பிள்ளை இவரை யாரோ மாமா என்று நினைத்துக் கும்பிட்டது, அதை மட்டும் சொல்லலாம். திரும்பும்போது ரயில் கப்பலுக்குள் ஏறியது. அந்த நாட்களில் கடலைக் கடக்க ரயிலையே கப்பலில் ஏற்றுவார்கள். பயணக் களைப்பில் பெண்சாதியும் பிள்ளைகளும் ரயில்பெட்டிக்குள்ளேயே ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நித்திரை. மனுசனை அவர்களுக்குக் காவல் வைத்துவிட்டு, நாங்கள் இருவரும் கோப்பி வாங்கிக்கொண்டு மேல்தட்டுக்கு வந்தோம். நல்ல வெயில். ஒரு வருடத்துக்கு மேலாக மறைத்ததை இனியும் வைத்திருக்க முடியவில்லை.

"அண்ணை, கவரை மாத்தினது நீங்கள் இல்லை. நான்தான். நிலத்திலை விழுத்திப்போட்டு, பாராமல் எழுதினனான். பிறகு பழியை உங்கடை தலையிலை போட்டனான்."

அவர் கோப்பியை ஊதிக் குடித்தார். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"தரேக்கையே கவரின்ரை பின்பக்க மூலையிலை பென்சிலாலை 'கொ' எண்டு குறிச்சுத்தான் தந்தனான். அமெரிக்கக்காரன் படத்தோடை அந்தக் கவரையும் திருப்பி அனுப்பினவன். பின்பக்கம் 'கொ', முன்பக்கம் உம்மடை கையெழுத்திலை அமெரிக்கா."

 "அப்ப ஏனண்ணை சொல்லேல்லை? எல்லாரும் உங்களையெல்லோ பகிடி பண்ணினவை!"

"சொல்லியிருந்தா நீர் பிறகு பேனையைத் தொட்டிருக்கமாட்டீர். அப்ப உம்மடை மேசையிலை பதினேழு பேற்றை கடிதம் கிடந்தது. எழுதுறதுக்கு இந்த ஊரிலை வேறை ஆர் இருந்தது?"

கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கத்தில் தொடங்கிய அழுகைதான், ஆனால் அழ அழ நெஞ்சு லேசாகிக்கொண்டே போனது.  அவர் கோப்பி முடியும்வரை பக்கத்தில் நின்றார்.

"அந்தப் பதினேழிலை இப்ப எத்தினை பேருக்கு வந்திட்டுது?" என்று கேட்டார்.

"ஒன்பது" என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அப்ப இன்னும் எட்டு" என்றார். "திங்கட்கிழமை எனக்கு லீவு. வாறன், இருந்து எழுதுவம்."